விசிறியைக் குறைக்க மறுத்தவர்

நார்வேயில் பெர்கன் நகருக்குப் போகும் மலைச் சாலையில், பனியை வாரித் தூர எறியும் வண்டியில் தோரால்ஃபும் ரான்வெய்கும் மூன்று குளிர்காலம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஒரு நாள்கூட இருவருக்கும் ஒத்துப்போனதில்லை.

தோரால்ஃபுக்கு ஐம்பத்தெட்டு வயது; ரான்வெய்க் முப்பத்து நான்கு வயதுப் பெண். பழைய வண்டியில் எஞ்ஜினை அலறவிட்டால் பனியை எறியும் விசிறியும் அலறும். இப்போது இவர்கள் ஓட்டும் புதியதில் எஞ்ஜின் ஒரு பம்பை ஓட்ட, பம்ப் தள்ளும் எண்ணெயில் விசிறி சுற்றும். எஞ்ஜின் திணறுகிறதா என்று ஒரு சின்ன மின்பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும்; திணறினால் எண்ணெயைக் குறைத்து விசிறியின் வேகத்தைத் தணிக்கும். தோரால்ஃபுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. அதற்கான பயிற்சிக்குத் தன்னை விட்டுவிட்டு ரான்வெய்கை அனுப்பினார்கள் என்பது அதைவிடப் பெரிய எரிச்சல்.

மார்ச் மாதம், காலை பத்து மணி. ஒரு பஸ்ஸும் பதினொரு கார்களும் பின்னால் வரிசையாக வர, இவர்கள் முன்னால் வழி திறந்துகொண்டு போனார்கள். தோரால்ஃப் ஓட்டினார். காற்றில் சாலையோரக் கம்புகள்கூடத் தெரியவில்லை. எஞ்ஜின் முக்கியது. ஆனால் விசிறியின் வேகம் துளியும் இறங்கவில்லை.

"பெட்டியில கை வச்சீங்களா?" என்றாள் ரான்வெய்க்.

"ஒயரைப் பிடுங்கி வேற மாதிரி முறுக்கிவிட்டேன். இப்பத்தான் இது வண்டி மாதிரி ஓடுது."

"முன்னால பனி சரிஞ்சு கிடக்கு. கல்லு மாதிரி இறுகியிருக்கும். விசிறியைக் குறைக்கலைன்னா எஞ்ஜின் நின்னுடும்."

"மேடம் சொல்லிட்டாங்க! நீ பேசாம கண்ணாடியைத் துடை."

அடுத்த வளைவில் வண்டி அந்தச் சரிவுக்குள் மூக்கை நுழைத்தது. ஒரு குலுக்கல். எஞ்ஜின் செத்தது. தோரால்ஃப் சாவியைத் திருகினார். பம்பின் முழுப் பாரமும் தலையில் இருக்க, எஞ்ஜின் முனகியதே தவிரப் பற்றவில்லை. மூன்றாவது தடவை முனகல்கூடத் தளர்ந்தது.

வரிசைக்குக் காவலாகக் கடைசியில் வந்த சக ஊழியரின் வண்டியிலிருந்து ரேடியோ கத்தியது. "என்னய்யா ஆச்சு? பின்னாடி கார் சக்கரமெல்லாம் பனியில மூடிக்கிட்டு வருது. ஒரு கார்ல கைக்குழந்தை இருக்கு!"

"ஒயரை எங்க முறுக்கினே?" மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் அவரை ஒருமையில் கேட்டாள். "சொல்லு!"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளே இறங்கினாள். காற்று அவளை வண்டியோடு சேர்த்து அறைந்தது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, கையுறையைக் கழற்றி, தடவித் தடவி அந்த முறுக்கைக் கண்டுபிடித்தாள். பிரித்துப் பழையபடி செருகி முடிப்பதற்குள் விரல்கள் மரத்துப்போயின; உறைந்த இரும்பில் ஒட்டிய தோல் உரிந்தது.

மேலே ஏறியபோதும் அவர் நகரவில்லை.

"எழுந்திரு. நான் ஓட்டுறேன்."

"இது என் சீட்டு. என்னைப் பொணமாத்தான் இறக்கணும்."

ரான்வெய்க் ரேடியோவை எடுத்தாள். மலையில் இருந்த எல்லா வண்டிகளுக்கும் கேட்கும் அலைவரிசை அது. "எல்லாரும் கேட்டுக்கங்க. வண்டி தானா நிக்கல. தோரால்ஃப் ஒயரைக் கழட்டினதால நின்னுது. நான் சரி பண்ணிட்டேன். அவர் எழுந்தா கிளம்பலாம். எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

தோரால்ஃபின் காதுகள் சிவந்தன. எழுந்தார். கடந்துபோகும்போது, "உன்னை யாரும் மன்னிக்க மாட்டாங்க," என்றார் மெதுவாக.

எஞ்ஜின் இரண்டாம் திருகலில் பற்றியது. அவள் விசிறியைத் தணித்து, சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டு போனாள். நாற்பது நிமிடத்தில் பஸ்ஸும் கார்களும் கீழே இறங்கிவிட்டன.

மேற்பார்வையாளர் எல்லிங், தோரால்ஃபை உப்பு தூவும் லாரிக்கு மாற்றினார். பிறகு ரான்வெய்கிடம், "ரேடியோல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி அவர் மானத்தை வாங்கியிருக்க வேணாம்," என்றார்.

"குழந்தை விறைக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கணுமா?"

எல்லிங் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு, ஓய்வறையில் வாஃபிள் ரொட்டியும் பழுப்பு சீஸும் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பவர்கள் அவள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளோடு வண்டியில் ஏற ஒருவரும் வரவில்லை. எல்லிங்கே வந்தார், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல். அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை காருக்குள் உட்கார்ந்து அழுதாள். ஆனால் வேலையை விடவில்லை. தோரால்ஃப் இருக்கும் மேசையிலேயே, அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, தினமும் நிதானமாகச் சாப்பிட்டாள்.