கை படாத நாய்

"அதோட ரத்தத்துலயே இருக்குப்பா. நீ ஆயிரம் பிஸ்கட் போட்டாலும் அது கடிக்கத்தான் செய்யும்."

"ரத்தத்துல ஒண்ணும் இல்ல அங்கிள். ட்ரெய்னிங் சரியில்ல, அவ்ளோதான்."

"நீ என்னத்தக் கண்ட? டாபர்மேன்னாலே அப்படித்தான். மூஞ்சியப் பாத்தா தெரியல?"

"என் கிளையண்ட் ஒருத்தங்க வீட்ல டாபர்மேன் குழந்தை தொட்டிலுக்குக் கீழ படுத்துத் தூங்குது அங்கிள்."

"அது வேற டாபர்மேனா இருக்கும்."

நிகில் என்னைப் பார்த்தான். நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா வெட்டுப்பலகையில் விரித்திருந்த தோலைப் பார்த்தார். யாரைப் பற்றிப் பேசினோமோ அது, ஏணிக்காலில் கட்டிய சங்கிலி இழுபட, எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது.

தாராவியில் எங்களுக்குத் தோல்பைப் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் இரும்பு ஏணி. ஒருமுறை இரவில் பூட்டை உடைத்துத் தோல் சுருள்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் வாப்பா காவலுக்கு இந்த நாயை வாங்கினார். கேப்டன் என்று பெயர் வைத்தது நான். மற்றவர்கள் 'நாயி' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

போன வாரம் மாட்டுங்காவிலிருந்து வந்தனா வந்திருந்தார். எங்கள் பைகளை அவர் கடையில் வைத்து விற்கிறார். மாதிரிப் பைகளைப் பார்த்துவிட்டுப் போகும்போது, "ஹாய் பேபி" என்று குனிந்து கேப்டனின் தலையைத் தடவப் போனார். கேப்டன் அந்தக் கையைக் கடித்துவிட்டது. அவர் போலீசுக்குப் போகவில்லை. நாய் இருக்கும்வரை இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே வாப்பா கல்யாணில் இருக்கும் சைஃப் மாமாவுக்கு போன் போட்டு, நாயைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மாமாவின் குடோனுக்குப் பின்னால் ஒரு வெட்டவெளி உண்டு. முன்பு அங்கே கட்டியிருந்த நாயை நான் பார்த்திருக்கிறேன். சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு அது சுற்றிச் சுற்றி நடந்து, தரையில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு புல்கூட இல்லை. நாய் செத்த பிறகும் வட்டம் இருந்தது.

இன்று சாயங்காலம் மாமா டெம்போவோடு வருகிறார். அதற்குள் வாப்பாவின் மனதை மாற்றத்தான் திலக் நகரிலிருந்து நிகிலை வரவழைத்திருந்தேன். நாய் பழக்குவது அவன் வேலை.

நிகில் பிஸ்கட்டைக் காட்டி "சிட்" என்றான். கேப்டன் உட்கார்ந்தது. தூக்கிப் போட்டதைக் காற்றிலேயே பிடித்துத் தின்றது. எனக்குத் தைரியம் வந்தது.

"பாத்தீங்களா அங்கிள்? எவ்ளோ புத்திசாலி" என்று சொல்லிக்கொண்டே நிகில் அதன் தலையை நோக்கிக் கையை நீட்டினான்.

கேப்டன் பாய்ந்தது. பல் கையில் படவில்லை. சட்டையின் மணிக்கட்டுப் பட்டன் மட்டும் தெறித்துத் தையல் மிஷினுக்கு அடியில் உருண்டது.

"பாத்துக்கிட்டேன்" என்றார் வாப்பா.

நிகில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "இது ஒரு நாள் வேலை இல்ல அங்கிள். குட்டியா இருக்கும்போதே பழக்கியிருக்கணும். உங்க மிஸ்டேக்."

"எம் மிஸ்டேக்கா? ஜாதி நாய்னு வாங்கினேன் பாரு, அதுதான் மிஸ்டேக்."

செல்போன் ரிப்பேர் கடையில் நிற்பது போலிருந்தது எனக்கு. ஒருவர் கம்பெனி சரியில்லை என்கிறார், இன்னொருவர் உபயோகிக்கத் தெரியவில்லை என்கிறார். போன் என்ன ஆனது என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் இல்லை. நிகில் பட்டனைக்கூடத் தேடாமல் போய்விட்டான். வாப்பா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். எரிச்சலில் நான் ஏணிப்படியில் உட்கார்ந்தேன்.

மதியம் ஷாகிர் காக்கா கேப்டனுக்குச் சாப்பாடு வைத்தார். இருபது வருடமாக எங்கள் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவர். சோற்றுக் கிண்ணத்தைத் தரையில் வைத்து, தோல் அளக்கும் நீள மரஸ்கேலால் நாயின் பக்கம் தள்ளினார். தினமும் அப்படித்தான். ஸ்கேலைக் கண்டதும் கேப்டனின் குட்டை வால் ஆடியது. சோற்றுக்கு முன்னால் அது ஸ்கேலின் நுனியை நக்கியது.

குச்சியைக் கண்டால் பயப்படுகிற நாய்கள் தெருவெல்லாம் இருக்கின்றன. இது குச்சியைக் கண்டு வாலாட்டுகிறது. கையைக் கண்டால் கடிக்கிறது.

"காக்கா, நீங்க இத எப்பவாவது தொட்டிருக்கீங்களா?"

"நாயவா? என்னத்துக்கு?"

"சும்மா. தடவிக் குடுக்க."

"நல்லா கேட்ட போ. நாய் எச்சி பட்டா மார்க்கப்படி ஏழு தடவ கழுவணும்லா. காலையில வர்ற தண்ணி சாயங்காலம் வரைக்கும் தாங்கணும். இதுல நாயக் கொஞ்சிட்டு, கழுவிட்டு, திரும்ப மிஷின்ல உக்கார முடியுமா?"

"குளிப்பாட்டும்போது?"

"ட்யூப்ப வச்சு அடிப்போம். குட்டியா இருக்கும்போது மழத்தண்ணி உள்ள வந்துச்சுல்லா, அப்பகூட பிளாஸ்டிக் ட்ரேல தள்ளித்தான் மேல தூக்கி வச்சேன்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ மட்டும் என்னவாம்? போட்டோதானே எடுப்ப."

யோசித்துப் பார்த்தேன். சைஃப் மாமா இதைக் கொண்டுவந்தது ஓர் அட்டைப்பெட்டியில். பெட்டியைச் சாய்த்துத்தான் கீழே இறக்கினார். அதன் பிறகு இந்தப் பட்டறையில் மனிதக் கை அதன் மேல் பட்டது தடுப்பூசிக்கு மட்டும்தான். இரண்டு பேர் வாயைக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் கையை நீட்டி ஊசியைக் குத்திவிட்டுப் போவார். கேப்டனுக்குக் கை என்றால் அதுதான்.

அதை யாரும் தடவியதே இல்லை என்று ஓடிப்போய் வாப்பாவிடம் சொன்னேன். கத்தியை நிறுத்தாமலே கேட்டார்.

"சும்மா காலி பீலி பேசாதளா. தெரு நாய யாரு தடவுதா? அதுக எல்லாம் வர்றவன் போறவனக் கடிச்சிக்கிட்டா இருக்கு?"

"தெரு நாய் கூடப்பொறந்ததுகளோட உருண்டு பொரண்டு வளருது வாப்பா. இதுக்கு யாரு இருக்கா? ஏணிதான் இருக்கு."

"அப்ப இத்தன நாளு நான் பாவம் பண்ணிட்டேங்குத."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுத? வேளா வேளைக்குச் சோறு போட்டிருக்கேன். ஊசி போட்டிருக்கேன். ஒரு நாள் கைநீட்டி அடிச்சதில்ல. அதுக்கு மேல ஒரு நாயிக்கு என்ன செய்யணும்? அது குணம் அப்படி. விட்டுரு."

மேலேயிருந்து உம்மா எட்டிப் பார்த்தாள். "காவலுக்கு வளக்கலாமான்னு கேட்டதுக்கு பள்ளிவாசல் ஹஜ்ரத்து, எச்சி பட்டா கழுவிக்கோங்கன்னுதான் சொன்னாரு. தொடவே தொடாதீங்கன்னு அவரு சொல்லலியே."

"நீ உன் வேலையப் பாரு."

உம்மாவின் தலை மறைந்தது. கத்தி தோலில் ஓடியது. வாப்பா ஏன் டாபர்மேன் ரத்தத்தை விடமாட்டேன் என்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரத்தம் என்றால் யார் மேலும் தவறில்லை. அது புரிந்தபோது கோபம் குறைந்திருக்க வேண்டும். கூடத்தான் செய்தது.

ஷாகிர் காக்காவிடமிருந்து ஸ்கேலை வாங்கிக்கொண்டு கேப்டனின் முன்னால், சங்கிலி எட்டாத இடத்தில் உட்கார்ந்தேன். ஸ்கேலின் ஒரு முனையை நான் பிடித்து மறுமுனையை நீட்டினேன். கேப்டன் நக்கியது. என் பிடியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். அது உறுமியது. பின்னால் போனேன். மறுபடி முன்னால் வந்தேன்.

"நாயோட என்னளா விளையாட்டு, மீன் பிடிக்கியா?" என்று பக்கத்துப் பட்டறையிலிருந்து யாரோ கேட்டார்கள். கால் மரத்துப்போனது. தோல் ஒட்டும் சொல்யூஷன் நெடியில் தலை வலித்தது. ஒவ்வொரு முறை வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதும் டெம்போதான் வந்துவிட்டது என்று சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவசரத்தில் ஒருமுறை கையைச் சட்டென்று நீட்டிவிட்டேன். பற்கள் ஸ்கேலில் பதிந்தன. மரத்தில் விழுந்த அந்தக் குழிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று யாரிடம் கேட்பது? என்ன காட்டிக் கேட்பது?

வெயில் சந்துக்குள் இருந்து ஏறிக் கூரைக்குப் போனபோது, என் கை ஸ்கேலின் நுனிக்கு வந்துவிட்டிருந்தது. நனைந்த மூக்கு என் விரல் முட்டியில் பட்டது. நான் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். ஒரு விரலை நக்கியது. பிறகு இன்னொன்றை. தலைப்பக்கம் போகாமல், கழுத்துக்குக் கீழே, நெஞ்சு தொடங்குகிற இடத்தில் கையை வைத்தேன். அதன் தொண்டையில் உறுமல் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு முழுவதும் நடுங்கியது. ஆனால் அது விலகவில்லை. உள்ளே அதன் இதயம் மிஷின் ஓடுவதுபோல் ஓடியது.

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"மச்சான்! நாயி ரெடியா? வண்டிய இங்க ரொம்ப நேரம் நிப்பாட்ட விடமாட்டான்!" சைஃப் மாமாவின் குரல் சந்துக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. உள்ளே வர அவருக்குப் பயம்.

நான் கையை எடுக்காமலே திரும்பினேன். வாப்பா தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு வந்து நின்றிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். விரல் நுனிகளிலிருந்து நீர் சொட்டியது. அவர் பார்வை என் முகத்தில் இல்லை, கேப்டனின் நெஞ்சில் இருந்த என் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

"மச்சான்!" என்றது வெளியிலிருந்து.

ஏணிக்குப் பக்கத்தில் மூடி வைத்திருந்த வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன். கேப்டனின் முன்னால் உட்காரும் முன்பே, மேலே டிரம்மில் இருந்த தண்ணீரை உம்மாவிடம் சண்டை போட்டு இறக்கி வைத்திருந்தேன்.

"கழுவத் தண்ணி எடுத்து வச்சிருக்கேன் வாப்பா. தலையில வேண்டாம். இங்க, என் கைக்குப் பக்கத்துல. ஒரே ஒரு தடவ தொடுங்க."