இருபதாம் தலைவர்

ஆற்றினின்று எழுந்த வெண்பனி புல்வெளிகளை மூடி, மதில்களைத் தழுவி, கோபுர முனைகளை மட்டும் கடல்நடுவே மிதக்கும் பாய்மரங்களெனக் காட்டிநின்ற இலையுதிர்காலக் காலைப்பொழுதில், நகரின் மணிகளெல்லாம் ஒலித்து ஓய்ந்த பின்னும் தூய மில்பர்கா கல்லூரியின் மணி ஒன்று மட்டும் ஓயாது முழங்கிற்று. அரசன் வாளுக்குத் தலையை ஈந்தவர் ஒருவர், அரசர் மாறுந்தோறும் சமயமும் மாறிப் பஞ்சணையிலேயே மாண்டவர் ஒருவர், உண்டதும் உறங்கியதுமன்றி ஒன்றுஞ் செய்யாதார் நால்வர் என, நானூறு ஆண்டுகளில் எத்தனையோ தலைவர்களைக் கண்ட அக்கல்லூரி, தன் பத்தொன்பதாம் தலைவராகிய அம்புரோசு கெல்வியை அவர்தம் தொண்ணூற்றாறாம் அகவையில் அன்று இழந்திருந்தது.

அம்மணியோசையைக் கேட்டும் நிறுத்தாது முகம் மழித்துக்கொண்டிருந்தார் அக்கல்லூரி ஆசான் கில்பர்ட் தோரல். கல்லூரி ஆசான் எவரேனும் மணம்புரிந்தால் அன்றே பதவி இழப்பர். தலைவர் ஒருவர்க்கே மனைவியும் மாளிகையும் உண்டு. இஃது அந்நாளைய விதி. இசையாசிரியர் மகளான அராபெல்லா லின்னுக்குத் தோரல் மணவாக்கு அளித்தபோது கெல்விக்கு எழுபத்தொன்று நிறைந்திருந்தது, நெஞ்சுநோயும் இருந்தது. ஓரிரண்டு ஆண்டே என்று நம்பிய தோரல், இருபத்தைந்து ஆண்டுகள், நாள்தோறும் மாளிகை சென்று நலம் உசாவினார்.

"என்ன தோரல், கெழவன் இன்னும் சாகலையேன்னு பார்த்துட்டுப் போக வந்தீங்களா?" என்பார் கெல்வி. "இன்னிக்கு ரெண்டு முட்டையும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டேன். நல்லாச் செரிச்சுது. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க."

ஆசான்கள் ஒருமனதாய்த் தோரலையே இருபதாம் தலைவராய்த் தேர்ந்தனர். புத்தங்கி அணிந்து, மாளிகையின் திறவுகோலை ஏந்தி, அன்று மாலையே அவர் அராபெல்லாவின் இல்லம் புகுந்தார். நாற்பத்தேழு அகவையினளாகிய அவள், தான் நடத்திய சிறுபள்ளியின் பெண்களை அனுப்பிவிட்டு, மையூறிய விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெல்லா, நம்ம வீடு கெடைச்சிருச்சு," என்றார்.

"உங்க வீடு," என்றாள் அவள், மெல்ல. "வடக்கே ஒரு கிராமத்துச் சர்ச்சுல பாதிரியார் வேலை உங்களுக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாலு ரூம், ஒரு தோட்டம். அதை ஏத்துக்கிட்டிருந்தா அந்த வருசமே கல்யாணம் பண்ணியிருக்கலாம். எனக்கு அதுவே போதும்னு சொன்னேன். அப்ப எனக்கு முப்பது."

"உன்னை அந்தச் சேத்துல கொண்டுபோய் வைக்க மனசு வரலை."

"என்னைச் சொல்லாதீங்க. உங்களுக்குத் தலைவர் ஆகணும். ஆயிட்டீங்க. நான் உங்களுக்காகக் காத்திருந்தேன், நீங்க ஒரு சாவுக்காகக் காத்திருந்தீங்க. போங்க, வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேருங்க."

அவர் மீண்டும் மும்முறை சென்றார். அவள் மும்முறையும் மறுத்தாள்.

பதினோராண்டு கழிந்தது. ஆசான்களும் மணம்புரியலாம் என விதியைத் திருத்தும் முன்மொழிவு அவைக்கு வந்தபோது, ஏழுபேர் ஆம் என்றனர். ஏழுபேர் இல்லை என்றனர். முடிவு தலைவர் வாக்கில் தொங்கிற்று. எலியட் வேர் என்னும் ஆசான் எழுந்தார்.

"ஐயா, ஒருத்தி எனக்காக எட்டு வருசமாக் காத்துக்கிட்டிருக்கா. இந்த வேதனை உங்களுக்குப் புதுசில்ல."

முழு அவையும் தலைவர் முகத்தையே நோக்கிற்று. இளகுவதற்கு அஃதொன்றே தருணம் என்பதைத் தோரலும் உணர்ந்தார். உணர்ந்தே, நெடுநாள் உறைந்த நஞ்சு நாவில் ஊறினாற்போல், "நான் இருபத்தஞ்சு வருசம் காத்திருந்தேன், மிஸ்டர் வேர்," என்று கூறி, மறுத்து வாக்களித்தார்.

மறுதிங்களே வேர் பதவி துறந்து, சதுப்புநிலத்து ஏழைத் தேவாலயம் ஒன்றின் குருப்பணியை ஏற்று, அப்பெண்ணை மணந்தார். விடைபெற வந்தவரிடம் வன்மம் ஏதுமில்லை.

"உங்களுக்கு நன்றிதான் சொல்லணும் ஐயா. நீங்க சரின்னு சொல்லியிருந்தா நானும் இங்கயே கெடந்து, அடுத்த தலைவர் யாருன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருப்பேன்."

வண்டி வாயிலைக் கடந்து மறையும்வரை தோரல் சாளரத்தருகே நின்றார். பின்பு இருபத்தெட்டு அறைகளும் ஒருங்கே வெறுமையாய்க் கிடந்த அம்மாளிகையுள் திரும்பி, தமக்கென ஒரு தட்டு மட்டும் வைக்கப்பட்ட நீள்மேசைமுன் அமர்ந்து, உண்ணாது எழுந்தார். அவர் மறைந்த ஆண்டே நாடாளுமன்றம் அவ்விதியை அழித்தது. அராபெல்லா அவருக்குப் பின்னும் ஒன்பதாண்டு வாழ்ந்து, முதுமையிலும் பள்ளியை நடத்தினாள். தான் பட்ட துன்பத்தைப் பிறர்க்கு விலக்கவல்ல ஒரே கணத்தில் அதனைப் பிறர்மீதும் சுமத்தத் துணிந்தவன், எவ்வுயர்ந்த இருக்கையில் வீற்றிருப்பினும், வென்றது யாதென்று தன்னையே வினவி விடையின்றி மடிகின்றான்.