அவள் உடைத்த சுவர்

நான்கு மணிக்கு லாரி வரும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும், ஆளுக்கு ஒரு பை மட்டும், வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள் என்று ஒலிபெருக்கி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனபோது மணி இரண்டு. ஆற்றுத் தண்ணீர் கடைசித் தெருவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. நாத்தனார் பூட்டுகளைத் தேடினாள். தம்பி மனைவியான அவளோ சுத்தியலைத் தேடினாள்.

தெருவில் அவளை 'மேஸ்திரி' என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். சித்தாளாகச் செங்கல் சுமக்கப் போனவள். பூச்சுக் கரண்டியை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்னும் இதே ஆறுதான் வந்தது. அன்றும் பூட்டினார்கள். கதவிடுக்கில் துணி திணித்து, வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுப் போனார்கள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர், வெளியே மார்பளவு. பின்சுவர் தாங்கமாட்டாமல் அப்படியே உள்பக்கம் சரிந்து படுத்துவிட்டது. அதைப் பதினொரு நாளில் அவளே எழுப்பினாள். ஈர மண்ணுக்குள் இறக்கிய தொட்டி காலியாக இருந்தால் விரிசல் விடுகிறது, நிரம்பியிருந்தால் நிற்கிறது. வேலையிடத்தில் பலமுறை பார்த்ததுதான். அதையே யோசித்துக்கொண்டு கல்மேல் கல் வைத்தாள்.

"அண்ணி, பூட்டை எடுத்து உள்ள வையுங்க. கதவைக் கழட்டப்போறேன்."

"எதை?"

"கதவை. முன்னாடி, பின்னாடி ரெண்டையும். சுவர்லயும் நாலு ஓட்டை போடணும்."

நாத்தனார் தன் தம்பி பக்கம் திரும்பினாள். "என்னடா இது, தண்ணி இன்னும் வீட்டுக்கே வரல, அதுக்குள்ள உன் பொண்டாட்டிக்கு மூளை நனைஞ்சுபோச்சா?"

தம்பி மருந்து அட்டைகளையும் வீட்டுப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். பேருந்து ஓட்டுகிறவன். நாளெல்லாம் ஹார்ன் அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்கமாட்டான். இப்போதும் ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டே இருந்தான்.

"வர்ற தண்ணி உள்ள வந்து அந்தப் பக்கமா போகட்டும் அண்ணி. ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல நின்னா சுவரு விழாது."

"திருடனுக்கும் சேர்த்து வழி விடு!"

"அவனும் நீந்தித்தானே வரணும்?"

மின்சாரத்தை நிறுத்தினாள். படுக்கையைச் சுருட்டிப் பரணில் ஏற்றினாள். கீல் கம்பிகளைத் தட்டி உருவிக் கதவுகளைக் கழற்றி, பரண் கட்டையோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு உளியோடு பின்சுவரின் கீழே குந்தினாள். நாத்தனார் ஓடிவந்து சுவருக்கு முதுகு கொடுத்து நின்றாள்.

"எங்கப்பா கட்டின வீடுடி இது!"

"அவரு கட்டின சுவரு விழுந்துடுச்சு அண்ணி. இது நான் கட்டினது."

ஒட்டுநாடா கிழியும் சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது. அவளுக்கும் தெரியும்: கணக்குத் தவறினால் சுவரும் போகும், மேஸ்திரி என்ற பேரும் போகும்.

"தப்பாப் போச்சுன்னா?" நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது.

"மறுபடி கட்டுவேன். ஆனா உங்க பூட்டை நம்பி இன்னொரு தடவை இதைச் சாகவிட மாட்டேன்."

நாத்தனார் நகர்ந்தாள். சமாதானமாகி அல்ல, கோபத்தில் முணுமுணுத்துக்கொண்டு.

முதல் கல் அசையவே இல்லை. "இவ்வளவு கெட்டியா கட்டச் சொல்லி எவ அழுதா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு அடித்தாள். ஒவ்வொரு அடியும் தன் முழங்கையில் விழுவதுபோல் இருந்தது. பின்னால் நிழல் விழுந்தது. கணவன் கடப்பாரையோடு நின்றான்.

"எந்தக் கல்லு?"

மூலைகளை விட்டு, ஜன்னலுக்குக் கீழே பாரமில்லாத இடமாகப் பார்த்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினாள். துளைக்கு இரண்டு கல். நான்கு துளைகள் முடிந்தபோது நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. தெரு முழுக்க வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவர்கள் வாய் பிளந்த வீட்டை விட்டுவிட்டு நடந்தார்கள். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று அவள் தலையை நிமிர்த்தியே நடந்தாள்.

ஆறாம் நாள் தண்ணீர் வடிந்ததும் திரும்பினார்கள். எதிர்வீட்டின் பக்கச்சுவர் தெருவில் கிடந்தது. இவர்கள் வீட்டுக்குள் முழங்கால் சேறு. கட்டில் உடைந்திருந்தது. கேஸ் அடுப்பைக் காணோம்.

"திருடன்தான்! நான் அப்பவே சொன்னேன்," என்றாள் நாத்தனார்.

அவள் நேரே போய்ப் பின்சுவரைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நின்றது. உள்ளே படிந்த கறைக்கோட்டைத் துளையின் கீழ்விளிம்பிலிருந்து சாண் போட்டு அளந்தாள்: ஏழு சாண். வெளியே போய் அளந்தாள். அங்கும் ஏழுதான். நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள்.

கணவன் சேற்றுக்குள்ளிருந்து செங்கற்களைப் பொறுக்கி வந்தான். "அடைச்சிடலாமா?"

"வேணாம். எலி வராம கம்பிவலை வையுங்க, போதும். ஆறு மறுபடி வரும்ல?"

"ஓட்டையோட ஒரு வீடா? ஊரே சிரிக்கும்டி!" என்றாள் நாத்தனார்.

"சிரிக்கட்டும் அண்ணி. நாம உள்ள உக்காந்து கேட்டுக்கலாம்."