ஜமக்காளத்தின் ஓரத்தில் கோகிலாம்பாள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தரையில் விரித்திருந்த ஜமக்காளத்தைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தார். ஏன் என்று கேட்டேன்.

"எங்க பக்கத்து மாதா கோயில்ல ஒரு சாமியார் இருந்தாரு. இதுல உக்கார வச்சிதான் சமத்துவம் சொல்லிக் குடுத்தாரு. ஜனங்க கலர் பாத்து உக்காந்துச்சு."

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அவர் எழுந்து ஓடினார், நானும் ஓடினேன், நெரிசலில் அவரைத் தவறவிட்டேன். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1974ஆம் ஆண்டு, பாகூர் ஏரி தளும்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..."

ஏரி தளும்பினால் என்ன, வற்றினால் என்ன? கதை ஒரு கோயில் பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிறது. அடித்துவிட்டேன்.

பிறகு: "நம்பிக்கை என்பது ஒரு சமூகத்தின் உள்ளார்ந்த..."

(இது சாமியாரின் குரல். எனக்குள் எப்போது புகுந்தார் என்று தெரியவில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். சவரிராயர் சாமியார் வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் 'நம்பிக்கையும் சமூகமும்' என்று சொற்பொழிவு நடத்தினார். எந்த மதத்தாரும் வரலாம். முடிவில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். முதல் வாரம் பெஞ்சு போட்டிருந்தது. குருவிநத்தத்தில் கரும்பு போட்டிருந்த பக்கிரிசாமி, முன் பெஞ்சில் துண்டை விரித்துவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். அவர் திரும்பி வரும்வரை அந்தத் துண்டு ஐந்து பேர் இடத்தைக் காவல் காத்தது. அன்றைய தலைப்பு, சமத்துவம்.

சாமியார் மறுவாரமே பெஞ்சுகளை எடுத்துவிட்டார். எல்லோரும் தரையில். அதற்காகப் பாகூர் கடைத்தெருவில் சிங்காரவேலு கடையிலிருந்து பெரிய ஜமக்காளம் ஒன்று வாடகைக்கு வந்தது. அதோடு, அவர் மனைவி கோகிலாம்பாளும் வந்தாள்.

3

அவளை அனுப்பியவர் சிங்காரவேலுதான். அவர் கடையில் அண்டா, பெட்ரோமாக்ஸ், ஜமக்காளம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

"போன கல்யாணத்துல வெத்தலக் கறையோட வந்துது. நீ போயி ஓரமா குந்திக்கினு பாத்துக்க. பேச்சு முடிஞ்சதும் நான் வண்டியோட வரேன்."

அவள் ஜமக்காளத்தின் மேல் உட்காரவில்லை. வாடகைப் பொருளில் கடைக்காரர் வீட்டார் உட்காரக் கூடாது என்பது அவள் வளர்ந்த வீட்டு வழக்கம். கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில், வெறும் சிமெண்டுத் தரையில், ஓரத்து நூல் முடிச்சுகளைக் கையில் பிடித்தபடி இருப்பாள்.*

* நூல் முடிச்சைப் பிடிப்பது என் பழக்கம். அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை. இங்கே வாய்த்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்குப் பக்தி வந்ததா? அப்படி எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. வந்தது ஒரு கேள்வி. "ஒவ்வொரு மனிதருக்குள்ளும் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் கடவுளைத் தவிர யாரும் நுழைய முடியாது" என்று சாமியார் ஒரு வாரம் சொன்னார். அன்றிலிருந்து கோகிலாம்பாள் கேட்க நினைத்தது இதுதான்: அந்த அறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

கேட்க முடியவில்லை. கேள்வி நேரம் வந்தால் பக்கிரிசாமி எழுந்துகொள்வார். "சாமி, ஒரே ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆதாம் ஏவாளில் ஆரம்பித்து, தன் பம்புசெட்டுக்கு ஏன் இன்னும் கரண்டு வரவில்லை என்பதில் முடிப்பார். அதற்குள் வாசலில் வண்டிமாட்டின் மணி கேட்கும்.

4

இனி கலர் விஷயம். ஜமக்காளத்தில் முன்னால் சிவப்புப் பட்டை, நடுவில் நீலம், பின்னால் பச்சை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நிலம் உள்ளவர்கள் சிவப்பில் உட்கார்ந்தார்கள். கடைத்தெருக்காரர்கள் நீலத்தில். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்தே கோயிலுக்கு வருகிற காலனி ஜனங்கள் பச்சையில். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே விரலளவு கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. அதன்மேல் ஒருவர் கால் விரல்கூடப் படவில்லை.

பச்சையின் கடைசியில் உட்காருகிற ஆரோக்கியம், நடவு வேலை செய்கிறவள், கோகிலாம்பாளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"பாத்தீங்களாம்மா, சாமி 'எல்லாரும் சமம்'னு சொல்லும்போதெல்லாம் அவங்கவங்க குனிஞ்சி கலரப் பாத்துக்கிறாங்க."

"சாமிக்குத் தெரியலையா?"

"அவரு மேல பாத்துக்கினு இல்ல பேசறாரு."

சாமியார் ஒருநாள் கீழேயும் பார்த்தார். மறுவாரம் ஜமக்காளத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். மறுபுறமும் அதே பட்டைகள். அடுத்த வாரம் குறுக்காகப் போட்டார். இப்போது எல்லாக் கலரும் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடின. ஜனங்கள் வந்தார்கள், நின்றார்கள், யோசித்தார்கள். பிறகு சிவப்பில் ஒருவர் பின் ஒருவராக நிலக்காரர்கள், நீலத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கடைக்காரர்கள், சினிமா டிக்கெட்டுக்கு நிற்பது போல.

"ரயிலு வுடறாங்கம்மா" என்றாள் ஆரோக்கியம்.

5

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஆரோக்கியத்துக்கு நல்ல நல்ல வசனமாகக் கொடுத்திருக்கிறேன், இடத்தை மட்டும் கடைசியில் கொடுத்திருக்கிறேன். அவளுக்குள் ஓர் அறை இருக்குமே, அதன் வாசலில்கூட நான் போய் நின்றதில்லை. நானும் கலர் பார்த்துத்தான் உட்கார வைக்கிறேன் போல.

(இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அவள் ஏழ்மையிலும்... வேண்டாம். ஏழ்மையிலும் என்று தொடங்கும் எதையும் அவள் படித்தால் சிரிப்பாள்.)

6

கடைசி வியாழன். சாமியார் அறிவித்தார்: "அடுத்த வாரத்திலிருந்து ஜமக்காளம் கிடையாது. கழுவிவிட்ட வெறும் தரை. அதோ, கோகிலாம்பாள் அம்மா முதல் நாளிலிருந்தே வெறும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் எல்லோரும் அவர்களைப் போல உட்காருவோம்."

எல்லோரும் திரும்பி அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த நூல் முடிச்சைப் பார்த்தாள். ஜமக்காளம் இல்லையென்றால் காவல் இல்லை. காவல் இல்லையென்றால் வியாழன் இல்லை.

"கேள்வி உண்டா?" என்றார் சாமியார்.

இங்கேயிருந்து எனக்கு மூன்று வழி தெரிந்தது.

அ) அவள் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கிறாள். "நல்ல கேள்வி, அடுத்த வாரம் விரிவாகப் பேசுவோம்" என்கிறார் சாமியார். அடுத்த வாரம் அவள் வரமாட்டாள்.

ஆ) "ஜமக்காளம் இருக்கட்டும் சாமி, தரை சில்லுனு இருக்கும்" என்கிறாள். வியாழன் தப்பிவிடும். கறுப்புக் கோடும் தப்பிவிடும். இதை எழுதிவிட்டு ஆரோக்கியத்தின் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

இ) எழுந்து போய் ஆரோக்கியத்தின் பக்கத்தில் உட்காருகிறாள். எனக்குக் கண் கலங்கியது. பத்திரிகையில் போட்டுவிடுவார்கள் என்றும் தோன்றியது. ஆனால் ஆரோக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை. "இங்கயே முட்டி இடிக்குதும்மா. நீங்க முன்னாடி பக்கிரிசாமி பக்கத்துல போயி குந்துங்க, அங்கதான் காலியா இருக்கு."

மூன்றையும் அடித்துவிட்டேன். அடிக்க முடியாதது ஒன்றுதான் மிஞ்சியது. பக்கிரிசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுவதற்கு முன்பே, கோகிலாம்பாள் கையைத் தூக்கிவிட்டாள். நான் தூக்கச் சொல்லவில்லை.

அந்த நேரம் வாசலில் வண்டி வந்து நின்றது. சிங்காரவேலு உள்ளே வந்தார். கூடம் முழுக்கத் தன் மனைவியைப் பார்ப்பதையும், அவள் கை மேலே நிற்பதையும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான், ஜமக்காளம்.

"இன்னா, எதனா கொறையுதா?" என்று கேட்டார்.

சாமியார் காத்திருக்கிறார். சிங்காரவேலு காத்திருக்கிறார். ஆரோக்கியம் குனிந்து சிரிப்பை அடக்குகிறாள். அவர் கேட்டதற்கு ஆமாம் என்று ஒரு பதில் இருக்கிறது, இல்லை என்று ஒரு பதில் இருக்கிறது. ஆமாம் என்றால் என்ன குறைகிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். இல்லை என்றால் கையை இறக்க வேண்டும்.

அந்தக் கையை நான் இறக்கப் போவதில்லை. இறக்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் நீங்களே எழுந்து, அந்தக் கறுப்புக் கோட்டை மிதித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் போய் இறக்கிக்கொள்ளுங்கள்.