கங்காணி இறங்கும்வரை

பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறுவருஷம், கண்டிப் பெரஹரா ஊர்வலத்தின் கடைசி நாளுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் போனது. தேயிலைத் தோட்டம், வட்டவளைக்கு மேலே. துரையிடம் லீவு வாங்கி, பஸ் பேசி, யார் யார் வரலாம் என்று முடிவு செய்ததெல்லாம் எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி முத்துலிங்கம்தான். தொழிற்சங்கம் வந்துவிட்டது, கங்காணி ராச்சியம் ஒழிந்துவிட்டது என்று அட்டனில் மேடை போட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். மேடையில் ஒழிந்தது உண்மைதான். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

நாகலெட்சுமி லயத்தில் எனக்குப் பக்கத்து அறை, பக்கத்துக் காம்பரா. இரண்டு பேரும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். அவளுக்குப் பெரஹராவும் வேண்டாம், யானையும் வேண்டாம். அவளுடைய தம்பி அழகன் கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். பிறந்து வளர்ந்தது எங்கள் லயத்தில்தான், ஆனாலும் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. தங்குவதற்குக் கொடுத்த அனுமதியும் முடிந்துபோய், இந்தியாவுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு மத்தியான ரயிலில் கண்டியிலிருந்து புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறான். தாய் தகப்பன் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. ரயிலடியில் பார்க்காவிட்டால் இந்த ஜென்மத்தில் பார்க்கப் போவதில்லை.

அதற்காகத்தான் அவள் கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவரும் பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

"பஸ்ஸு ஸ்டேசனத் தாண்டித்தானே போவுது. ஒன்னைய எறக்கி விட்டுட்டுப் போறோம். பேசாம ஏறு."

பழைய பஸ் அது. யாரோ ஒரு முதலாளியிடமிருந்து எடுத்து மேலே சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள். முன்பக்கம் ஒரே ஒரு வாசல். வாசலையொட்டிய சீட்டு கங்காணிக்கு. கோட்டு, தலைப்பாகை, சப்பாத்து, குடை என்று மாப்பிள்ளைக் கோலத்தில் ஏறினார். அவர் ஏறும்வரை நாங்கள் வெளியே நின்றோம். அவர் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்று நின்று காலுக்கே பழகிப்போன காரியம். கங்காணி உட்காராமல் உட்காரக் கூடாது, கங்காணி இறங்காமல் இறங்கக் கூடாது. லாரியானாலும் பஸ்ஸானாலும் அதுதான் முறை.

கம்பளை தாண்டியதும் கங்காணி காலை நீட்டித் தூங்கிப்போனார். பேராதனை வரைக்கும் பஸ் நன்றாகத்தான் போனது. கண்டிக்குள் நுழைந்ததும் நின்றது.

அப்படி ஒரு நெரிசலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ராசாக்கள் குதிரையிலும் பல்லக்கிலும் போவதற்குப் போட்ட ஊர். அதற்குள் நாட்டில் உள்ள பஸ்ஸெல்லாம் ஒரே நாளில் வந்து புகுந்தால் எங்கே போகும்? பகல் ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் கார். ஊர்வலத்துக்குப் போகிற யானை ஒன்று தன் தீனியைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் ஜன்னலை உரசியபடி போனது. யானை போய்விட்டது, நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஸ்டேஷன் கூரை தெரிந்தது. எஞ்சின் புகை தெரிந்தது. வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் நடந்துவிடலாம். மற்ற பஸ்களிலிருந்து ஆட்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தார்கள். டிரைவர் பக்கமாக இறங்கிப் பார்த்துவிட்டு வந்த எங்கள் கண்டக்டர் சிங்களவர், நல்ல மனுஷன். "பஹின்ட, பஹின்ட. ஸ்டேசன் எக ஒத்தன" என்று கையை நீட்டிக் காட்டினார். இறங்கி நடங்கள், ஸ்டேஷன் அதோ இருக்கிறது என்றார். ஒருவரும் அசையவில்லை. எங்களுக்குச் சிங்களம் தெரியாதென்று நினைத்து, விரலால் நடந்து காட்டினார். சிங்களம் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாகலெட்சுமி தம்பிக்குச் சுட்டுக் கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து முன்னால் போனாள். வாசலுக்குக் குறுக்கே கங்காணியின் கால் இரண்டும் நீண்டு கிடந்தன. அந்தக் காலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"கங்காணிங்க," என்றாள். அவளுக்கே கேட்டிருக்காது.

அவருக்கு அடுத்த பின்சீட்டில் இருந்த, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சில்லறைக் கங்காணி அழகுமுத்து அவளை முறைத்தான். "என்னா, கால தாண்டவா பாக்குற? எந்திரிக்கட்டும், இரு."

"ரயிலு போயிருமுங்க."

"அவரு எந்திரிக்காம நா என்னா செய்ய?"

அவன் கை நீட்டினால் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. எட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "தாண்டிப் போடி. என்னா தலையவா வாங்கிருவாரு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நாளைக்கிப் பெரட்டுல நிக்கணுமே வேலாயி," என்றாள். "காம்பராவ விட்டு எறங்குன்னா எங்க போவேன்? எனக்கு யாரு இருக்கா?"

இருந்த ஒருவன் எதிரே ரயிலில் உட்கார்ந்திருந்தான். பஸ் நிறைய ஆம்பிளைகள் இருந்தார்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள், மேதினத்துக்குக் கொடி பிடிக்கிறவர்கள். எல்லோரும் யானை பார்ப்பது போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு தடவை புரண்டார். எழுந்துவிட்டார் என்று நினைத்தோம். காலை இன்னும் வசதியாக நீட்டிக்கொண்டார். நாகலெட்சுமி ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள், காலில் பட்டுவிடக் கூடாதே என்று.

ரயில் ஊதியது. முதலில் நீளமாக, பிறகு துண்டு துண்டாக. கூரைக்கு மேலே புகை நகர்ந்து போவது தெரிந்தது. நாகலெட்சுமி அழவில்லை. புகை போகிற பக்கமாக அவள் தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது.

அந்தச் சத்தத்தில் கங்காணி கண் விழித்தார். "ஸ்டேசன் வந்திருச்சா?"

"வந்து ரொம்ப நேரமாச்சுங்க," என்றான் அழகுமுத்து. "இப்பத்தான் ரயிலு போவுது."

அவர் நாகலெட்சுமியை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அட, எறங்கிப் போயிருக்க வேண்டியதுதானே புள்ள? நானா புடிச்சு வச்சேன்?"

அவர் பிடித்து வைக்கவில்லை. பஸ் முழுக்க நாங்கள் தேடினாலும் பிடித்து வைத்த கை ஒன்று அகப்படாது.

இனி பஸ் நகராது என்று தெரிந்ததும் கங்காணி கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மடியிலிருந்த குடை கீழே விழுந்தது. நாகலெட்சுமி சட்டென்று குனிந்து எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கி, தெருவில் நின்று தலைப்பாகையைச் சரிசெய்தார்.

வாசலில் இப்போது யாருடைய காலும் இல்லை. நாகலெட்சுமி படியோரம் வந்து நின்று கீழே பார்த்தாள்.

"நாங்க எறங்கலாமுங்களா?" என்று கேட்டாள்.