ஏறி வருவதற்கான சைக்கிள்

1.

என் மேசையில் மூன்று சைக்கிள் மணிகள் இருக்கின்றன. சைக்கிள் ஒன்றுதான். சைக்கிள் கடைக்காரி ஸவ்ரேஷுக்கு நன்றி சொல்ல அவள் கடைக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் வார்த்தை வரவில்லை. சும்மா நின்றுவிட்டுத் திரும்ப முடியாது என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி வாங்கி வந்தேன். நான்காவது மணி வாங்குவதைவிட எழுதிவிடுவதே மேல் என்று உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான்.

தொடங்கிப் பார்த்தவை:

"பனிமலையின் மடியில் துயிலும் அல்மாட்டி நகரில் ஒரு..."

இந்த ஊர் தூங்காது. ஆறு வருடம் விழித்திருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

"யோசித்துப் பார்த்தால் மனித வாழ்க்கையே ஒரு..."

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

2.

அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். என் பெயர் நுர்தாஸ். கட்டடக்கலை படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் விட்டவன். ஊரின் கீழ்க்கோடியில் உள்ள பார்சல் கிடங்கில் ஆறு வருடம் இரவு ஷிஃப்ட். இந்த வருடக் கோடையில் பெட்டிகள் ஓடும் பெல்ட் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டேன். ஒரு பெட்டி வந்து இரண்டு விரல்களை முறித்தது. அதன் பிறகு அக்டோபரில் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள்: காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. ஒரு நிபந்தனை. வருடம் முடிவதற்குள் மூன்று முறை தாமதமானால் திரும்பவும் இரவுக்கு.

பகல் எனக்கு ஏன் வேண்டும் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. வெயில், பறவை, பக்கத்து வீட்டுக்காரியின் குரல் எல்லாம் போட்டிருந்தேன். அடித்துவிட்டேன். பகலில் தூங்குபவனுக்கு ஊர் கிடையாது. அவ்வளவுதான்.

முதல் மாதத்திலேயே பஸ் என்னை இரண்டு முறை கவிழ்த்தது. 7:09. 7:14. வாசலில் கையில் நோட்டுடன் நின்றான் மேற்பார்வையாளன் எர்ஷாத்.

"உனக்குப் பகல் ஒத்து வரலடா. ஆந்தையைப் பிடிச்சுக் கூண்டுல போட்டு, கிளியே பேசுன்னா பேசுமா?"

"பஸ் லேட்டு அண்ணே."

"பஸ்ஸுக்கு ஒரு நோட்டு தனியா போடுறேன். உனக்கு இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

அன்று மாலையே சைக்கிள் பார்க்கப் போனேன்.

3.

எங்கள் ஊரில் யாரும் வடக்கு, தெற்கு என்று வழி சொல்வதில்லை. மலைப் பக்கம் மேலே. மற்றது கீழே. என் வீடு மேலே, வேலை கீழே. பதினோரு கிலோமீட்டர். காலையில் பெடலை மிதிக்கவே வேண்டாம். பிரேக் இருந்தால் போதும். சைக்கிள் வாங்க நினைக்கும் எவனும் இந்தக் காலையைத்தான் நினைத்துக்கொள்கிறான்.

(கிடங்கின் பின்சுவரில் பதினோரு சைக்கிள்கள் கட்டிக் கிடக்கின்றன. எல்லாம் நல்ல சைக்கிள்கள். எல்லாம் ஒரு காலையில் இறங்கி வந்தவை. மாலையில் ஏற மனமில்லாமல், பஸ்ஸில் ஏற்றவும் வழியில்லாமல், "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று விட்டவை. நான்காவதாக இருக்கும் நீலச் சைக்கிள் எர்ஷாத்துடையது.)

கிடங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த ஸவ்ரேஷின் கடையில் ஒரு கறுப்பு ஹைபிரிட் சைக்கிள் நின்றது. ஒல்லியான டயர், நேரான கைப்பிடி, முன்னால் ஒற்றைப் பல்சக்கரம். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். சாவியை நீட்டினாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தேன்.

"பறக்குதுக்கா!"

"எங்க வரைக்கும் போனே?"

"கீழ ரெண்டு சிக்னல்."

"திரும்பி வரும்போது?"

"தள்ளிக்கிட்டு வந்தேன். புது வண்டியாச்சேன்னு..."

"எல்லாரும் தள்ளிக்கிட்டுத்தான் வர்றாங்க. வந்து, பறக்குதுங்கறாங்க." டீயை ஒரு வாய் குடித்தாள். "வீடு மேலயா, கீழயா?"

"மேல."

"அப்ப நீ வேலைக்குப் போக சைக்கிள் வாங்க வரல. வீட்டுக்குப் போக வாங்க வந்திருக்கே. காலையில ஒரு கதவுக்குச் சக்கரம் மாட்டிவிட்டாக்கூட நீ போயிடுவே."

கடையைச் சாத்தினாள். தன் சைக்கிளை எடுத்தாள். என்னைக் கறுப்பின் மேல் ஏற்றி, "வா, மேல போலாம்" என்றாள்.

4.

(இந்தப் பகுதியில் என் அப்பா வந்தார். எடுத்துவிட்டேன். அவர் சைக்கிள் ஓட்டியதில்லை.)

5.

முதல் பிரதியில் ஸவ்ரேஷுக்கு அறுபது வயது. பழைய பந்தய வீராங்கனை, நொண்டுகிற கால், சுவரில் பதக்கம். அவளுக்கு இவ்வளவு தெரிந்திருக்க ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பதக்கம் இல்லை, கால்கள் இரண்டும் நேராகவே இருக்கின்றன. கடை கீழே, வீடு மேலே. தினமும் வீட்டுக்குப் போகிறாள். காரணம் அவ்வளவுதான். இதை ஒரு கதாபாத்திரத்துக்குப் போதுமான பின்னணி என்று நான் நம்பச் சில வாரங்கள் ஆயின.

மூன்றாவது தெருவில் கறுப்பிலிருந்து இறங்கிவிட்டேன். தெருவோர வாய்க்கால் கரையில் உட்கார்ந்து மத்தியானம் தின்ற இறைச்சிச் சம்சாவை வாந்தியெடுத்தேன். ஸவ்ரேஷ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிப் பார்க்காமல் நின்றதற்கும் ஒரு நன்றி சேர்த்துக்கொள்ளலாம்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கு. தினமும். பன்னெண்டு மணி நேரம் பெட்டி தூக்கின பிறகு. என்ன சொல்றே?"

கடைக்குத் திரும்பி ஒரு சாம்பல் நிறச் சைக்கிளை வெளியே இழுத்தாள். டயர் பருமன். அதற்கும் காரணம் சொன்னாள்: ஒல்லி டயர் வாய்க்கால் மூடியின் கம்பிகளுக்குள் இறங்கிவிடும். முன்னால் மூன்று பல்சக்கரம், ஏற்றத்துக்கான மிகச் சின்னது உட்பட. மட்கார்டு, பின்னால் கேரியர். பார்க்க அரசாங்க ஆபீஸ் நாற்காலி மாதிரி இருந்தது.

"இதுவும் ஹைபிரிட்டா அக்கா?"

"மலை வண்டியிலயும் சேராது, ரோட்டு வண்டியிலயும் சேராது. பாதி அது, பாதி இது, எதையும் முழுசா முடிக்கல." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகும்."

மிகச் சின்னப் பல்சக்கரத்தில் போட்டு ஏறினேன். கால் சும்மா சுழன்றது, சைக்கிள் எறும்பாக ஊர்ந்தது. காய்கறிப் பையோடு நடந்த ஒரு பெண்மணி என்னை முந்திப் போனார். போகும்போது, "தள்ளிவிடட்டுமா தம்பி?" என்று வேறு கேட்டார். அதே மூன்றாவது தெரு வந்தது. போனது. நான் இறங்கவில்லை.

இந்தக் கதையில் உச்சம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஒருவன் இறங்கவில்லை. இதைவிட நன்றாக எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

6.

நேற்று இதுவரை எழுதியதை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"வாந்தியெடுத்ததைப் போட்டிருக்கே, சரி. ரெண்டு தடவை எடுத்தே."

"ஒண்ணு போதும்னு விட்டுட்டேன்."

"என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிவச்சிருக்கே. கறுப்பை வித்திருந்தா எனக்கு அன்னிக்கே நல்ல லாபம்."

"அப்புறம் ஏன் விக்கல?"

"கீழ போய்ச் செத்த சைக்கிள் என் கடைக்குத் திரும்பி வருமா? செயின் மாத்த வராது, பிரேக் மாத்த வராது. ஓடுற வண்டிதாண்டா எனக்குச் சோறு."

அவள் காரணம் வியாபாரம். அதனால் என் நன்றி ஒரு பிடி குறைந்ததா என்று தேடிப் பார்த்தேன். குறையவில்லை. என் மீது பரிதாபப்பட்டு அவள் செய்திருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். சொல்லிவிட்டேன், ஒருவழியாக:

"நன்றிக்கா."

"எதுக்கு? காசு குடுத்துத்தானே வாங்கினே?" தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "முடிவு எங்க? பகல் வேலை நிலைச்சுதா, போச்சா?"

7.

அதுதான் எனக்கும் தெரியாது.

இன்று டிசம்பர் பன்னிரண்டு. இன்னும் பத்தொன்பது நாள். ஆறு வாரமாக ஒரு நாளும் தாமதமில்லை. ஒவ்வொரு மாலையும் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறேன். வந்ததால்தான் காலையில் சைக்கிள் கையில் இருந்தது. ஆனால் நேற்று பனி கொட்டி உறைந்துவிட்டது. இறங்குவது இப்போதுதான் கஷ்டம். இன்று வழியெல்லாம் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். 6:58. எர்ஷாத் நோட்டைத் திறந்தே வைத்திருந்தான்.

"இன்னும் அதுலதான் வர்றியா?"

"ஆமாண்ணே."

"சாயங்காலம் நிஜமாவே மேல ஓட்டிக்கிட்டுப் போறியா? தள்ளாம?"

"தள்ளாம."

அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடை?" என்றான்.

மூன்றாவது முறை தாமதமானால் அந்தக் கேள்வி என்னைக் காப்பாற்றாது. காப்பாற்றும் என்று அவனும் சொல்லவில்லை.

நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு: முப்பதாம் தேதி, பனிச்சறுக்கல், 7:03. இரண்டாவது: பத்தொன்பது நாளும் நேரத்துக்குப் போய்விடுகிறேன். மூன்றாவதில் எர்ஷாத்தின் கடிகாரம் நின்றுபோகிறது. (இதை எழுதியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.)

ஸவ்ரேஷுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

"பகல் வேலை நிலைச்சுதுன்னே போடு. கடைக் கண்ணாடியில ஒட்டணும். நாலு பேர் படிச்சிட்டு உள்ள வரணும்."

"இன்னும் நடக்கலியேக்கா."

"அதனால என்ன, கதைதானே?"

கதைதான். ஆனால் நடக்காத நன்மையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒட்டுவதாக இருந்தால் இப்படியே ஒட்டு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே டேப்பைத் தேடினாள்.

ஆகவே, கண்ணாடிக்கு முன்னால் நின்று இதைப் படிக்கிறவரே, முடிவு உங்கள் முதுகுக்குப் பின்னால் தெருவில் இருக்கிறது. புது வருடம் பிறந்த பிறகு ஒரு நாள் வாருங்கள். மாலை ஆறு மணிக்குச் சாம்பல் நிறச் சைக்கிளில் ஒருவன் கீழே இறங்கிப் போனால், அவனை இரவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இரவு எட்டு மணிக்கு அதே சைக்கிள் மிக மெதுவாக மேலே ஏறி வந்தால், அவனுக்குப் பகல் கிடைத்துவிட்டது.

நடந்து போகும் யாராவது என்னை முந்தினால் கவலைப்படாதீர்கள். நான் இறங்குகிறேனா என்று மட்டும் பாருங்கள்.