அருளப்பன் கிளாக்கரின் மகன்

"இது எங்க அப்பாவோட கல்லறையாச்சே," என்றாள் அந்தப் பெண்.

மார்ஜரி சிலுவையடியில் செவ்வந்திப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஆத்துமாக்கள் திருநாள் என்பதால் மாத்தளைச் சேமக்காலை முழுக்க ஒரே சனம். ஆளாளுக்குப் புல் செதுக்குவதும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதுமாக இருந்தார்கள். யாரோ இடம் மாறி வந்துவிட்டாள் என்றுதான் மார்ஜரி நினைத்தாள். மழைக்குப் பேர் அழிந்த கல்லறைகள் அங்கே ஏராளம். ஆனால் இதில் பேர் அழியவே இல்லை. வருஷா வருஷம் நோபர்ட் கறுப்புப் பெயின்ட் தொட்டு எழுத்தைத் துலக்கி வைப்பார். ஜே. அருளப்பன், பெரிய கிளாக்கர்.

"இது என் மாமனாரோடதுங்க. என் வீட்டுக்காரரோட அப்பா."

"உங்க வீட்டுக்காரரா?" அந்தப் பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். "நான் ஜெசிந்தா. வத்தளையில இருக்கேன். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளைங்க."

பின்னால் நோபர்ட் சுண்ணாம்பு வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மார்ஜரி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நோபர்ட் சிக்கனக்காரர், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவரின் மகன், தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை, அவ்வளவுதான். கூலிகள் குடியிருந்த லயத்தில் வாழ்ந்த சொந்தத் தகப்பனுக்கும் அதே பேர்தான்; பிறப்புச் சான்றிதழிலும் அருளப்பன், கல்லறையிலும் அருளப்பன். வேறென்ன சாட்சி வேண்டும்? டவுனில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த மார்ஜரி வீட்டார் லயத்துப் பையனுக்குப் பெண் கொடுத்திருக்கவே மாட்டார்கள். அந்த ஒரு பொய்க்காக மனுஷன் உழைத்த உழைப்பையும் சொல்ல வேண்டும். பேச்சை மாற்றினார், நடையை மாற்றினார், இங்கிலீஷ் படித்தார், யார் காலிலும் விழாமல் ஹார்ட்வெயார் கடை போட்டார். போதாததற்குத் தகப்பனைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். பிள்ளையில்லாமல் இருந்த காலத்தில் மார்ஜரி இந்தக் கல்லில்தான் தலை வைத்து அழுதாள். மாமா, நீங்களாவது ஆண்டவர்கிட்ட கேளுங்க என்று. அப்புறம்தான் ஷெனாலி பிறந்தாள்.

யாரோ ஒருத்தனுடைய கல்லில் தன்னை அழவிட்டு வேடிக்கை பார்த்தாரே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கூடவே பயமும் வந்தது. தை மாதம் ஷெனாலிக்குக் கல்யாணம். "கிளாக்கரையா குடும்பம்னா கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்" என்று சொன்ன மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தி வீட்டு ஆத்துமாவுக்கு மெழுகுதிரி ஏற்றவென்று அதோ வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே வருகிறாள்.

நோபர்ட் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"எங்கம்மா உங்க குவாட்டர்ஸ்ல குசினி வேல செஞ்சாங்க. ஞானம்மா."

"ஞானம்மா மகனா நீங்க?" ஜெசிந்தா கல்லறையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கப்பாவுக்கு நீங்க ஏன் இதெல்லாம் செய்யிறீங்க? முழுநாள் வேலைக்கு அரைப்பேர் போட்டு, பாதிச் சம்பளம் குடுத்து உங்க சனத்தோட வயித்துல அடிச்ச மனுஷன். எங்கம்மாவும் அடி தாங்காமத்தான் என்னையும் கூட்டிக்கிட்டு வீட்ட விட்டுப் போனாங்க. செத்தப்பக்கூட நான் வரல. இந்த வருஷந்தான் மனசு கேக்கல."

நோபர்ட் குனிந்து கல்லில் வழிந்த சுண்ணாம்பைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மழ நாள்ல பள்ளிக்கூடம் விட்டு வாரப்ப ஐயா அவரு கொடைய எங்களுக்குக் குடுத்துட்டு நனைஞ்சுகிட்டே போவாருங்க. லொறியில அடிபட்ட நாய ஒருநாள் சாக்குல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. அதுக்குச் சோறு ஊட்டினதும் அவருதான்."

குடைக் கதையும் நாய்க் கதையும் மார்ஜரிக்கு மனப்பாடம். அப்பா என்ற இடத்தில் ஐயா வந்திருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் தான் கும்பிட்ட நல்ல மனுஷன் நோபர்ட்டின் சொந்தத் தகப்பன், அவர் இந்தக் கல்லுக்குள் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எங்கப்பாவா?" என்றாள் ஜெசிந்தா. "நெசமாவா? எங்கப்பாவா சோறு ஊட்டினாரு?" கல்லறை விளிம்பில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பார்க்க முடியவில்லை. இந்த மனுஷன் செய்வது பாவமா புண்ணியமா என்று மார்ஜரிக்குப் பிடிபடவில்லை.

"என்ன சம்பந்தி, யாரு இவங்க?"

மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றாள். நோபர்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா எழுந்தாள். மார்ஜரியின் முகத்தைப் பார்த்தாள். பொய்யின் அளவு அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நான் பெரியவரோட மூத்த மக," என்றாள். "நோபர்ட் என் தம்பி."

"அப்ப கல்யாணத்துக்கு அத்தை வந்துதானே ஆகணும்!" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா திரி ஏற்றினாள். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தபோது ஜெசிந்தா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள்.

எல்லாரும் போன பிறகு மார்ஜரி கேட்டாள். "உங்க சொந்த அப்பாவ எங்க வச்சிருக்கு?"

"தோட்டத்துல. ஏழாம் நம்பர் மலையில."

"நடங்க. பஸ் இருக்கும்."

"இப்ப அங்க கல்லற இல்ல மார்ஜரி. அதுக்கு மேல தேயில நட்டுட்டாங்க."

"நடங்கன்னு சொன்னேன்."

எல்கடுவ பஸ்ஸில் அவள் அவருக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். மலையடிவாரத்தில் நோபர்ட் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். செடிகளுக்கு நடுவே ஏறினார், நின்றார், இறங்கினார், மறுபடி ஏறினார். மேல் நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"யாரத் தேடுறீங்க ஐயா?"

"எங்கப்பனத்தான் ஆத்தா தேடுறேன்," என்றார் நோபர்ட். மார்ஜரி அந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. "இங்கனதான் பொதச்சோம்."

அந்தப் பெண் தன் காலடி மண்ணைக் குனிந்து பார்த்தாள். காலை எடுத்துப் பக்கத்து நிரைக்கு மாறி நின்று, தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினாள்.